பிறந்த வீட்டுக் கோடி

மிளகாய் வத்தல் மூட்டை தூக்குகிறவனுக்குக் கடல் எதற்கு என்று வேல்சாமி கேட்டான். மண்டியில் சாப்பாட்டு நேரம். பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்ததை அவனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏலே சிலோன், நம்ம கோயில் தெப்பம் ஆவுடைப் பொய்கையிலயே தண்ணி இல்ல. நீ கடலைப் பத்தி எழுதுதியாக்கும். இந்தத் தும்மலைப் பத்தி எழுது, மண்டியே கை தட்டும்."

சொல்லி முடிக்குமுன் அவனே தும்மினான். எல்லோரும் சிரித்தோம். சிரித்தால் காரம் தொண்டைக்குள் இறங்கும், அதனால் எல்லோரும் தும்மினோம்.

சங்கரன்கோவிலுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியும் எனக்கு சிலோன் என்றுதான் பெயர். ஆறுமுகச்சாமி என்று கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்கமாட்டேன். சிலோனில் இருந்தபோது எங்களுக்கு இந்தியாக்காரன் என்று பெயர். எங்கள் தாத்தா குருவிகுளத்துப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிழைத்தவர். பஞ்ச காலத்தில் கங்காணி ஒருவன் கூட்டிப்போய், வெள்ளைக்காரத் துரையின் தேயிலைத் தோட்டத்தில் சேர்த்துவிட்டான். மலையைத் திருத்திக் கொடுத்துவிட்டு அங்கேயே செத்தார். சாகும்வரை சங்கரன்கோவில் கோபுரத்தைப் பற்றிப் பேசுவார். தங்கச்சி பிறந்தபோது இந்தக் கோயிலின் அம்மன் பெயரைத்தான் வைத்தார். கோமதித்தாய்.

வெள்ளைக்காரன் போனபிறகு இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டன. நானும் என் பெண்டாட்டி பூமாரியும் அம்மாவும் இந்தியா பங்கில் விழுந்தோம். கோமதியின் புருஷன் வீட்டார் அந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அவள் அந்தப் பங்கில் விழுந்தாள். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அம்மா, "எங்கே போனாலும் ஒரே தண்ணிதானே" என்றாள். அப்போது அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

கோமதியின் கடிதம் வரும். அதைப் படிக்க ஆள் தேடி அலைவேன். படிக்கிறவர்கள் நாலு வரியை விட்டுவிட்டு, "எல்லாரும் சௌக்கியமாம்" என்று முடித்துவிடுவார்கள். அந்த எரிச்சலில்தான் எங்களைப்போல் சிலோனிலிருந்து வந்தவர்களின் காலனியில் முதியோர் கல்வி வகுப்பு வைத்தபோது போய் உட்கார்ந்தேன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மூட்டை தூக்கின கை சாக்பீஸைப் பிடித்தால் சாக்பீஸ் ஒடியும். எப்படியோ படித்தேன். படித்தபின் எழுதத் தோன்றியது. எழுதினால் கடல்தான் வந்தது.

இப்படித்தான் எழுதியிருந்தேன்:

கடலே,
எங்கள் தாத்தனை உன்மேல் ஏற்றிப் போனான் வெள்ளைக்காரன்.
என்னை உன்மேல் கொண்டுவந்து இறக்கினான் நம்ம ஆள்.
நடுவில் நீ ஒருத்திதான்
எந்த நாடு என்று கேட்கவில்லை.
அந்தக் கரையில் என் தங்கச்சி அரிசி புடைக்கிறாள்.
உமி பறந்து இங்கே வருமா என்று
வாயைத் திறந்து நிற்கிறேன்.

இதை எழுதியது எண்பத்து மூன்றாம் வருஷம் ஜூலை ஆரம்பத்தில். அந்த மாதக் கடைசியில் அங்கே தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் கலைந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. டீக்கடை ரேடியோவில் கொழும்பு என்றார்கள், அப்புறம் பதுளை என்றார்கள். கோமதியின் தோட்டம் பதுளைக்குப் பக்கம். கடிதம் போட்டேன். தந்தி கொடுத்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அம்மா காலையில் எழுந்ததும் ராஜபாளையம் ரோட்டில் போய் நின்றுகொள்வாள். தபால்காரர் சைக்கிளைத் திருப்பாமல் நேரே போனால், அவர் மறையும்வரை பார்த்துவிட்டு வருவாள். வந்து என்னிடம் கேட்பாள்: "இன்னைக்கு ரேடியோவுல என்ன சொன்னான்?" நான், "ஒண்ணும் சொல்லலை" என்பேன்.

அந்த வாரத்தில்தான் சுயம்புலிங்கம் மண்டிக்கு வந்தார். அவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஊரில் கவிஞர் என்றும் பெயர். கல்யாணத்துக்கு வாழ்த்துமடல், கட்சிக்காரர்களுக்கு வரவேற்புப்பா எல்லாம் எழுதுவார். முதலாளியைப் பார்க்க வந்தவரிடம் வேல்சாமி வேடிக்கையாக, "அண்ணாச்சி, நம்ம சிலோனும் கவிஞர்தான், தெரியும்லா?" என்று சொல்லிவிட்டான்.

அவர் பில்லை வாங்கிப் படித்தார். இரண்டாந்தரமும் படித்தார். கண் விரிந்தது.

"நீர் எழுதினதா வே? ஆகஸ்ட் பதினஞ்சு தேரடியில கவியரங்கம் வச்சிருக்கோம். 'கடல் கடந்த தமிழன்'னு தலைப்பு. நாங்க எல்லாரும் கரையில நின்னு பாடுதவங்க. நீர் கடந்தே வந்தவரு. நீர் படிக்கணும்."

எனக்குக் காது சூடானது. மேடை, மைக், என் பெயர். ஆறுமுகச்சாமி என்று கூப்பிடுவார்கள். ஆசைப்பட்டேன்.

"ஆனா ஒண்ணு" என்றார். "கருத்து இருக்கு, தீ இல்ல. அங்கன நாடே எரிஞ்சிட்டுக் கெடக்கு, உம்ம தங்கச்சி அரிசி புடைக்காளாக்கும்? அவளைப் பத்தித் தாக்கல் தகவல் உண்டா?"

"இல்லை."

"அப்ப பாரும். கவிதைக்கு ஒரு முடிவு வேணும்லா? தீயில போயிட்டான்னு ரெண்டு வரி வையும். தேரடியே அழும்."

"அவ சாகலை அண்ணாச்சி."

"செத்தான்னா சொன்னேன்? கவிதையில சொல்லும்னு சொன்னேன். நான் எங்கம்மை செத்துட்டான்னு ஒரு பாட்டு எழுதினேன். அவளே கேட்டுட்டு, நல்லாருக்குலேன்னு மோர் ஊத்தித் தந்தா."

மண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டேன். உள்ளதைத்தான் படிப்பேன், இஷ்டமிருந்தால் கூப்பிடுங்கள் என்றேன். அவர் பாட்டைத் தன் டைரியில் எழுதிக்கொண்டு என் தோளில் தட்டினார். "உம்ம இஷ்டம் வே. உள்ளதையே படியும்."

அம்மாவிடம், "கோமதியைப் பத்தி எழுதினதை மைக்குல படிக்கப்போறேன்" என்று சொன்னேன். தலையில் எண்ணெய் தடவிக்கொண்டு புறப்பட்டாள். காலனியிலிருந்தும் பலபேர் வந்தார்கள். சாயங்காலம் தேரடியில் நல்ல கூட்டம். தேருக்குப் பக்கத்தில் மேடை, மூவர்ணக் காகிதத் தோரணம். பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் பூமாரியும் முன்வரிசையில்.

கவியரங்கத்தில் தலைவர்தான் ஒவ்வொரு கவிஞரையும் பாட்டாலேயே கூப்பிடுவார். நல்ல வரி என்றால் இரண்டு தரம் சொல்வார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்கு முன்னால் மூன்று பேர் படித்தார்கள். ஒருவர் சோழன் கப்பல் விட்டதைப் படித்தார். இன்னொருவர் வெள்ளைக்காரனை விரட்டியதைப் படித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. பிறகு தலைவர் சுயம்புலிங்கம் எழுந்து என் பக்கம் கையை நீட்டினார்.

"தங்கையைத் தீக்குத் தந்து
தனிமரம் ஆன தோழன்,
சங்கரன் கோயில் தந்த
சரித்திரக் கவிஞன் வாராய்!"

கூட்டம் ஆ என்றது. அவர் இன்னொரு தரம் சொன்னார். தங்கையைத் தீக்குத் தந்து. மைக் நன்றாக இருந்தது. தெற்கு ரதவீதி வரை கேட்டிருக்கும். என் தங்கச்சி இரண்டு தரம் எரிந்தாள்.

யாரோ எழுந்து நின்றார்கள். எல்லோரும் எழுந்தார்கள். மௌன அஞ்சலியாம். நான் மைக்குக்கு ஓடினேன்.

"என் தங்கச்சி சாகலைய்யா!"

எல்லோரும் கை தட்டினார்கள். கவிதையின் முதல் வரி என்று நினைத்துவிட்டார்கள். பின்னாலிருந்து ஒருவன், "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினான்.

அந்தக் கைதட்டலைக் கிழித்துக்கொண்டு அம்மாவின் குரல் கேட்டது. என்னைப் பெற்றவளின் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. மார்பில் அடித்துக்கொண்டாள். "நான் பெத்த மகளே" என்று எடுத்தாள். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்கள் நகர்ந்து வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். சாவு என்று ஒரு பொம்பிளை எடுத்துவிட்டால் மற்றவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். நான் மேடையிலிருந்து குதித்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். "அம்மா, பொய்ம்மா, பாட்டுக்காகச் சொன்னது" என்றேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கு மறைச்சிட்டியேடா."

மறுநாள் விடிந்ததும் துக்கம் விசாரிக்க, துஷ்டி கேட்க ஆட்கள் வந்துவிட்டார்கள். காலனி முழுக்க வந்தது. மண்டியிலிருந்து வேல்சாமி வந்தான். அவன் முகத்தில் கேலியே இல்லை. ஊர்க்காரர்களும் வந்தார்கள். ஒன்பது வருஷத்தில் எங்கள் வீட்டு வாசலை மிதிக்காதவர்கள் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும், "செத்ததாகத் தாக்கல் இல்லை" என்று சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். பாவம், மனசு ஒப்பவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். துஷ்டி வீட்டில் செய்கிறபடி போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போனார்கள்.

அம்மாவிடம் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன்.

"மைக்குல, அத்தனை பேருக்கு முன்னால பொய் சொல்லுவாங்களா? படிச்ச மனுசன் சொல்றாரு."

"நானும் படிச்சவன்தானேம்மா."

"நீ எனக்காகப் பொய் சொல்லுவ. அவருக்கு என்னடா என்கிட்டப் பொய் சொல்லணும்னு?"

சுயம்புலிங்கத்தின் வீட்டுக்குப் போனேன். பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீங்களே வந்து எங்கம்மாவிடம் பொய் என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். அவருக்கு உண்மையிலேயே சங்கடமாகிவிட்டது. "வாரேன் வே, இப்பமே வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

வந்தார். வாசலில் நுழைந்ததும் அம்மா எழுந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்களாச்சும் சொன்னீங்களே சாமி. என் மகன் ரேடியோவக் கேட்டுக் கேட்டு மறைச்சிட்டான். நீங்க சொல்லலைன்னா நான் அந்த ரோட்டுலயே நின்னு செத்திருப்பேன்." அவர் கண்ணில் தண்ணீர் பெருகியது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுதுவிட்டு எதுவும் சொல்லாமல் போய்விட்டார். அந்த அழுகை நடிப்பில்லை. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. நடிப்பு என்றால் செவிட்டில் ஒன்று வைத்திருப்பேன்.

அப்புறம் அம்மா கோடி கேட்டாள்.

பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி கோடிச் சேலை கொண்டுபோய்ப் போர்த்தவேண்டும். போர்த்தாமல் அனுப்பினால் நாதியில்லாதவளாகப் போனாள் என்று அர்த்தம். "அங்க யாரு அவளுக்குப் போட்டிருப்பா? ஒருத்தரும் போட்டிருக்க மாட்டாங்க. நீ எடுத்துட்டு வா. செம்புல தண்ணி வச்சு, அதுக்குச் சுத்தி, பதினாறு கழிச்சிடுவோம்."

முடியாது என்றேன். அந்தச் சேலையை எடுத்தால் அவள் செத்ததற்கு நானும் கையெழுத்துப் போட்டது மாதிரி. அம்மா சண்டை போடவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பூமாரி கஞ்சியைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தாள். காலனிப் பெரியவர் துரைப்பாண்டி வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் புள்ளை இருக்கோ இல்லையோ, அது கடலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருக்கிறது உன் தாய். யாரை வச்சுக்கப் போற?"

ஜவுளிக்கடைக்குப் போனேன். கடைக்காரர், துஷ்டிக்கா, நிறச் சேலையா வெள்ளையா என்று கேட்டார். புருஷன் இருக்கிறவளுக்கு நிறம், இல்லாதவளுக்கு வெள்ளை. எனக்குப் பதில் தெரியவில்லை. வெள்ளை எடுத்தால் மச்சானையும் கொல்லவேண்டும். வீட்டுக்குத் திரும்பிப் போய் அம்மாவிடம் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"செவப்பு எடு" என்றாள். "மாப்பிள்ளை இருக்கட்டும்."

பதினாறாம் நாள் செம்புக்குச் சிவப்புச் சேலை சுற்றி, பொட்டு வைத்து, பூ வைத்தோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். காரியம் முடிந்ததும் சேலையைச் சலவைக்காரப் பெண்ணுக்குக் கொடுத்தோம். அன்று மத்தியானம் அம்மா சாப்பிட்டாள். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாளிலிருந்து ரோட்டுக்குப் போகவில்லை. நன்றாகத் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் இப்ராஹீம் பாய் வந்தார். கடையநல்லூர்க்காரர். பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து துணி விற்பார். கோமதியின் கல்யாணச் சேலையே அவரிடம் எடுத்ததுதான். ஆள் பாதியாகியிருந்தார். தாடியில் ஒரு பக்கம் தீயில் கருகியது இன்னும் வளராமல் கட்டையாக நின்றது.

"கடை போச்சு, ஆறுமுகம். உசிரு மட்டும் கப்பல் ஏறி வந்திருக்கு. வூட்டுல கால் வச்சதும் மொதல் சோலியா இங்கன வந்தேன். உன் தங்கச்சி சொல்லி அனுப்புச்சு."

பூமாரி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"இருக்கா. நல்லாத்தான் இருக்கா. லயம் எரிஞ்சு போச்சு. மாப்பிள்ளைக்குக் கையில வெட்டு, ஆறிட்டு. ஒரு பள்ளிக்கூடத்துல வச்சிருக்காங்க. அங்கன போய்ப் பாத்தேன். 'அம்மாவை ஒரு தடவை பாக்கணும் பாய், அண்ணன்கிட்ட எப்படியாச்சும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்க'ன்னு அழுதுச்சு."

அவரை உள்ளே கூட்டிப்போனேன். அம்மா வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். என் வாயால் சொல்லவில்லை. பாய் சொன்னார். தொடக்கத்திலிருந்து கடைசிவரை, அவள் கட்டியிருந்த சேலையின் நிறம் வரைக்கும் சொன்னார். அம்மா கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன்மா. இந்தக் கண்ணால பாத்தேன்."

"நீங்க பொய் சொல்லமாட்டீங்க பாய்" என்றாள் அம்மா. "அவ இங்க வரமுடியுமா?"

பாய் என்னைப் பார்த்தார். "அதெப்படி… அவ அந்த நாட்டுப் பிரஜையில்லா. அவளுக்கு நம்ம கப்பல்ல எடம் கிடையாதே."

"நாங்க போகமுடியுமா?"

"இப்ப இருக்க நெலமையில எவன் விடுவான்? விசா அது இதும்பான்."

"அடுத்த தடவை தீ வச்சா?"

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப நான் மறுபடியும் அந்த ரோட்டுல போய் நிக்கணும். தெனம் நிக்கணும். அடுத்த தீ எப்பன்னு நின்னுக்கிட்டே இருக்கணும். என்னால முடியாது பாய். அழுது முடிச்சிட்டேன். கோடி போட்டாச்சு. சோறு போட்டாச்சு. ஒரு புள்ளைக்கு ஒரு தடவைதான் அழத் தெம்பு இருக்கு."

"அம்மா!" என்று கத்தினேன். "அவ உசிரோட இருக்காம்மா!"

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். வராதவ, போய்ப் பாக்கமுடியாதவ, அவளை நான் என்ன பண்ணட்டும்?" பூமாரியைப் பார்த்து, "பாய்க்கு டீ போடு" என்றாள். பாய் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். போகும்போது பள்ளிக்கூடத்து விலாசத்தைச் சொல்ல, நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் மண்டி முடிந்து வரும் வழியில் சுயம்புலிங்கத்தைப் பார்த்துச் சொன்னேன். "அப்படியா? தெய்வமே!" என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கவியரங்கத் தொகுப்பு அச்சுக்குப் போயிட்டு வே. உம்ம பாட்டுல கடைசியில நான் ரெண்டு வரி சேத்திருக்கேன். இனி மாத்த முடியாது. அது கோமதியைப் பத்தி இல்ல, எல்லா தங்கச்சியையும் பத்தின்னு வச்சுக்கிடும்" என்றார். ஏர்மெயில் கவர் வாங்கத் தபாலாபீசுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

வீட்டில் விளக்கு வைத்ததும் எழுத உட்கார்ந்தேன். அம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அவளுக்கா?"

"ஆமா."

"அம்மா செத்துட்டான்னு எழுது."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"எழுதுடா. அம்மாவைப் பாக்கணும் பாக்கணும்னு அவ அங்க கெடந்து சாவா. ஒருநாள் நல்லா அழுது முடிக்கட்டும். அப்புறம் புருஷன் புள்ளையைப் பாப்பா. நான் இப்ப நல்லாத் தூங்கறேன்ல? அவளும் தூங்கட்டும்."

அவள் முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து சொல்கிற முகம். நான் எழுத ஆரம்பித்தேன். என் கையெழுத்து பெரியது, கோணலானது. அம்மாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. வரிகள் நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அன்புள்ள தங்கச்சிக்கு, இங்கே அம்மா சுகமாக இருக்கிறாள். நேற்றும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள்' என்று எழுதினேன்.

"படி" என்றாள்.

தாளை விளக்குக்கு நேரே பிடித்தேன்.

"அன்புள்ள தங்கச்சிக்கு. அம்மா நம்மை விட்டுப் போயிட்டா. கஷ்டப்படாமப் போனா."

"என்னைக்குன்னு போட்டியா?"

"போன வெள்ளிக்கிழமை."

"வெள்ளி நல்ல நாள்தான்" என்றாள். பிறகு, "நீ எனக்குக் கோடி போட்டதையும் எழுது, இல்லைன்னா அவ மனசு கேக்காது" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.